மூக்கும் ஓடும், மில்லும் ஓடும்

பாளையங்கோட்டை,
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள சிநேகிதிக்கு,

ஏட்டி, உன் கடிதம் வந்தது. பக்கம் பக்கமாக ஊர்க்கதை எழுதத் தெரிந்தவளுக்கு ஒரு பொடியனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லையா? டியூஷன் பிள்ளைகள் ‘ரன்’ என்கிற ஒற்றைச் சொல்லை வைத்து உன்னை ஓட ஓட விரட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். மனுஷன் ரன் பண்ணுவான், சரி. மூக்கு எப்படி ரன் ஆகும்? மில் எப்படி ரன் ஆகும்? மாமா கடையை ரன் பண்ணுகிறார், பெட்ரோல் ரன் அவுட் ஆகிறது. “இதுல எது டீச்சர் நிஜ அர்த்தம், எது சும்மா சொல்ற அர்த்தம்?” என்று அந்த வாண்டு கேட்டானாம். நீ வீட்டுப்பாடத்தைக் கொடுத்து வாயை அடைத்துவிட்டாயாம். பாவம்டி அந்தப் பிள்ளை. அவன் கேட்டதற்குப் பதில் தேடி ஆக்ஸ்ஃபோர்டிலேயே ஒரு மனுஷர் ஒன்பது மாதம் உட்கார்ந்தார், தெரியுமா?

அவர் பெயர் பீட்டர் கில்லிவர். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர் குழுவில் வேலை பார்த்தவர். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள இந்தச் சொல்லோடு அத்தனை மாதம் மல்லுக்கட்டினார். 2011-இல் கணக்கு வெளியே வந்தபோது, வினைச்சொல்லாக மட்டுமே அதற்கு 645 பொருள். அதற்கு முன்னால் பெரிய பட்டம் ‘செட்’ என்ற சொல்லிடம் இருந்தது. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த வினைக்கு 430 பொருள். தொடர்களையும் சேர்த்தால் 580 வரை போகும். அதை விளக்க மட்டும் 60,000 சொல் செலவழித்திருந்தார்கள். பிறகு அகராதியைப் புதுப்பிக்க ஆரம்பித்ததும் 2000-இல் ‘மேக்’ முந்தியது, 2007-இல் ‘புட்’ முந்தியது, 2011-இல் ‘ரன்’ எல்லாரையும் பின்னுக்குத் தள்ளியது. சைமன் வின்செஸ்டர் என்ற எழுத்தாளர் அந்த வருஷமே நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றி எழுதினார். ஓரிடத்தில் வைக்கிற சொல்லைப் பின்னுக்குத் தள்ளி, நிற்காமல் அலைகிற சொல் முன்னே வந்துவிட்டதென்றால் நாம் வாழுகிற காலம் அப்படி என்கிறார்.

ஒன்று கவனித்தாயா? செட், மேக், புட், ரன் எல்லாமே பால்குடி மறக்கிற வயதிலேயே அந்த ஊர்ப் பிள்ளைகள் வாயில் வருகிற சொற்கள். கடினமான சொல்லுக்கு அகராதியில் நாலு வரி போதும். எளிய சொல்லுக்குத்தான் பக்கம் பக்கமாக வேண்டியிருக்கிறது.

இந்த அகராதி பிறந்த கதை உனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் முழுக்க வம்புதான். முதல் பதிப்பின் பெரிய ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே ஒரு தையல்காரரின் மகன். பதினாலு வயதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அப்புறம் தானே படித்து, வாத்தியாராகி, 1879-இல் இந்த வேலையை ஏற்றுக்கொண்டார். பத்து வருஷத்தில் முடித்துவிடலாம் என்றுதான் பேச்சு. 1884-இல் முதல் பகுதி வந்தபோது ‘ஆன்ட்’ வரைக்கும், அதாவது எறும்பு வரைக்கும்தான் ஊர்ந்திருந்தார்கள். முழு அகராதி முடிந்தது 1928-இல். மர்ரே 1915-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆக்ஸ்ஃபோர்டில் பான்பரி ரோட்டு வீட்டுத் தோட்டத்தில் இரும்புத் தகடு அடித்த ஒரு கொட்டகை போட்டு, அதில்தான் வேலை. பக்கத்து வீட்டில் டைசி என்று பெரிய சட்டப் பேராசிரியர். கொட்டகை என் ஜன்னல் பார்வையை மறைக்கும் என்று அவர் முறுக்கிக்கொள்ள, சில அடி பள்ளம் தோண்டி அதைப் பூமிக்குள் இறக்கினார்கள். விளைவு, உள்ளே ஈரமும் குளிரும். மர்ரே கனத்த கோட்டு மாட்டிக்கொண்டு, காலை ஒரு பெட்டிக்குள் வைத்துக்கொண்டு ஆங்கில மொழிக்கு அர்த்தம் எழுதினார். காம்பவுண்டுச் சுவர் சண்டைக்குப் படிப்பு ஒரு மருந்தில்லை என்று நான் சொன்னால் நீ நம்பமாட்டாய். வருகிற தபால் பெருகிப் பெருகி, வீட்டு வாசலிலேயே தபால் இலாகா ஒரு தபால் பெட்டி நட்டது. ‘மிஸ்டர் மர்ரே, ஆக்ஸ்ஃபோர்டு’ என்று எழுதினாலே போய்ச் சேர்ந்துவிடும். சொற்களுக்கு எடுத்துக்காட்டு எழுதி ஊர் ஊராக ஆட்கள் அனுப்பிய சீட்டுகளை அகர வரிசையில் அடுக்குவது வீட்டுப் பிள்ளைகள் வேலை, கைச்செலவுக்குக் காசு கிடைக்கும். பதினோரு பிள்ளைகள்! பிறகு ‘ஆர்’ எழுத்து வில்லியம் கிரெய்கி என்ற இன்னொரு ஆசிரியர் பொறுப்புக்குப் போனது. ஆகையால் நம் ‘ரன்’ முதலில் விழுந்தது அவர் தலையில்.

சீட்டு அனுப்பினவர்களில் மனநோய்க் காவல் விடுதியில் இருந்த டாக்டர் மைனர் கதை நீ படமாகவே பார்த்துவிட்டாய், விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடித்தவர் ஃபிட்ஸ்எட்வர்டு ஹால். அமெரிக்கர், ஹார்வர்டு மாணவர். 1846-இல் வீட்டைவிட்டு ஓடிப்போன சகோதரனைத் தேடிக் கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறினார். கரையை நெருங்கும்போது கப்பல் உடைந்தது. உயிர் பிழைத்தவர் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கி ஹிந்துஸ்தானி, வங்காளம், சமஸ்கிருதம் என்று படித்து, காசி சமஸ்கிருதக் கல்லூரியில் வாத்தியாரே ஆகிவிட்டார். அப்புறம் லண்டன், அங்கே இன்னொரு சமஸ்கிருதப் பண்டிதரோடு பெரிய சண்டை, வேலை போச்சு. சஃபோக் கிராமத்தில் ஒதுங்கிக்கொண்டு, 1901-இல் சாகும்வரை தினமும் மணிக்கணக்காக மர்ரேயின் அச்சுப்படிகளைத் திருத்தினார். ஒரு காசு வாங்கவில்லை. உறவெல்லாம் கடிதத்தில்தான். ஒருத்தன் ஓடிப்போனதால் ஓர் அகராதிக்கு ஆள் கிடைத்தது பார்!

சரி, வம்பு போதும். பொடியன் கேள்விக்கு வருவோம்.

காலால் ஓடுவதுதான் நிஜ அர்த்தம், மற்றதெல்லாம் உருவகம் என்று நாம் சட்டென்று சொல்லிவிடுவோம். ஆனால் பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் ஆதி வடிவமான ‘ரின்னன்’ என்பதற்கு ஓடுதல், வழிந்தோடுதல் இரண்டுமே பொருள். ஜெர்மன் மொழியில் அவை இன்றைக்கும் இரண்டு சொல்லாகப் பிரிந்து நிற்கின்றன: ‘ரென்னன்’ என்றால் கால் ஓடும், ‘ரின்னன்’ என்றால் நீர் வழியும். ஆக மூக்கு ரன் ஆவது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட வேடிக்கையே இல்லை. குதிரை ஓடிய காலத்திலேயே ஆறும் ஓடிக்கொண்டிருந்தது, கூடவே சளியும். மூக்கு ஓடுகிறதென்றால் கால் மோப்பம் பிடிக்கிறதா என்று இங்கிலீஷ்காரப் பிள்ளைகள் ஒரு கடி ஜோக் சொல்வார்கள். நாற்றம் அடிப்பதற்கும் மோப்பம் பிடிப்பதற்கும் அவர்களுக்கு ஒரே சொல் என்பதால் வந்த வினை அது.

என் கணக்கு என்னவென்றால், இந்தச் சொல் படி ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுக்கொண்டே வருகிறது. குதிரை ஓடுகிறது, கால் உண்டு, இடமும் மாறுகிறது. ஆறு ஓடுகிறது; கால் போச்சு, இடம் மாறுவது மட்டும் பாக்கி. மில்லில் இயந்திரம் ஓடுகிறது. அது ஓரிடத்திலேயே நிற்கிறது, உள்ளே சக்கரம் மட்டும் சுற்றுகிறது. நாடகம் ஓடுகிறது, சக்கரமும் கிடையாது, நாள் தவறாமல் நடக்கிறது, அவ்வளவுதான். ஒப்பந்தம் இன்ன தேதிவரை ஓடும் என்பார்கள். அங்கே அசைவதற்கு எதுவுமே இல்லை, ஒரு தாள் பீரோவுக்குள் கிடக்கிறது. எல்லாம் கழன்ற பிறகு கடைசியில் மிஞ்சுவது நிற்காமல் தொடர்வது என்கிற ஒன்றுதான். பெட்ரோல் ரன் அவுட் என்பது அந்தத் தொடர்ச்சி அறுந்து போவது.

இதில் ரோடு ஒரு தனி ரகம். ரோடு இங்கிருந்து அங்கே ஓடுகிறது என்பான் வெள்ளைக்காரன். ரோடு எங்கே ஓடும்? ஓடுவது பார்க்கிற கண். மொழியியலில் லெனார்டு டால்மி என்பவர் இந்தப் பொய்யான அசைவைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். நாமும் சளைத்தவர்கள் இல்லை. “இந்த ரோடு எங்கப்பா போகுது?” என்று கேட்டால், “அது எங்கயும் போகலை, இங்கதான் கிடக்கு” என்று நம் ஊர்ப் பெரிசுகள் சொல்வார்களே, அதே விஷயத்தைத்தான் அவர் புத்தகமாக எழுதினார்.

இயந்திரம் வந்த பிறகுதான் இந்தச் சொல்லுக்கு யோகம் அடித்தது. 1830-இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில் விட்டார்கள். நீராவி ஓடியது, நூல் ஆலை ஓடியது, அப்புறம் மோட்டார், ஃபிரிட்ஜ். இப்போது என் பேத்தி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து “புரோகிராம் ரன் ஆகலை” என்று அழுகிறாள். அங்கே ஓடுவது கண்ணுக்கே தெரியாத கரண்ட். அந்தக் கரண்ட் என்ற சொல்லின் வேரும் ஓடுவதுதான், லத்தீனில். நாம் அதை மின்னோட்டம் என்று வைத்தோம், அச்சுப் பிசகாமல்.

தமிழ் ‘ஓடு’ம் லேசுப்பட்டதல்ல. படம் நூறு நாள் ஓடுகிறது, ஃபேன் ஓடுகிறது, பொழுது ஓடுகிறது, வேலை ஓடமாட்டேன் என்கிறது, பதற்றத்தில் கையும் ஓடலை காலும் ஓடலை. இதில் எதையாவது சொல்லும்போது உருவகம் பேசுகிறோம் என்று நினைக்கிறோமா? கண்ணோட்டம் என்ற சொல்லையே எடுத்துக்கொள். இன்றைக்கு அது கருத்து, பார்வைக் கோணம் என்று ஆகிவிட்டது. திருக்குறளில் 58-ஆம் அதிகாரத்துக்கே அந்தப் பெயர்; அங்கே அதற்கு இரக்கம் என்று பொருள். ஒருத்தர்மேல் கண் ஓடினால் மனசு இளகும் என்ற நினைப்பில் பிறந்தது, இப்போது தலையங்கம் எழுதுகிறவர்கள் கையில் கிடக்கிறது.

எல்லா இடத்திலும் இரண்டு மொழியும் கூடவே ஓடும் என்று நினைக்காதே. அவர்களுக்குக் காய்ச்சல் ஓடும், நமக்கு அடிக்கும். அவர்களுக்குச் சேலைச் சாயம் ஓடும், நமக்குப் போகும். குடும்ப குணம் அவர்கள் ரத்தத்தில் ஓடும், நம் ரத்தத்தில் ஊறும். தேர்தலில் அமெரிக்கர்கள் ஓடுகிறார்கள், இங்கிலாந்தில் நிற்கிறார்கள். நாமும் நிற்கிறோம். எங்கள் வார்டில் ஒருத்தர் நின்றார், ஜெயித்தார். அதற்கப்புறம் அமெரிக்கராகிவிட்டார் போல, ஆளைக் கண்ணில் காணோம்.

பெரிய வித்தியாசம் கடையில்தான் இருக்கிறது. கடையை, கம்பெனியை, ஊரை ரன் பண்ணுவது என்கிற வழக்கு 19-ஆம் நூற்றாண்டில், அதிலும் அமெரிக்கப் பக்கம், நன்றாகப் பரவியது. இயந்திரத்தை ஓட்டுகிறவன் கம்பெனியையும் ஓட்டினான். நாமோ கடை நடத்துகிறோம், ஆட்சி நடத்துகிறோம், குடும்பம் நடத்துகிறோம். அவன் ஓட வைப்பதை நாம் நடக்க வைக்கிறோம். “கடையை எப்படியோ ஓட்டுறேன்” என்று ஒருத்தர் சொன்னால் நமக்கு உடனே புரிந்துவிடும், வியாபாரம் படுத்துவிட்டதென்று. இன்னும் கொஞ்சம் படுத்தால் ஈ ஓட்டுவார்.

இந்த இடத்தில்தான் உன் மருமகள் வருகிறாள். ஃபோனில் யாரிடமோ “ஐ ரன் திஸ் ஹவுஸ்” என்று சொன்னாளாம், அது உன் காதில் விழுந்ததாம், அன்றைக்கு ராத்திரி நீ சாப்பிடவில்லையாம். ஏட்டி, நீ அதை ‘இந்த வீட்டை நான்தான் ஆளுறேன்’ என்று கேட்டிருக்கிறாய். ஆளுவதற்கு அவர்களிடம் வேறு சொல் இருக்கிறது. அவள் சொன்னதில் பால் கணக்கு, கேஸ் சிலிண்டர், ஸ்கூல் வேன், உன் பிரஷர் மாத்திரை எல்லாம் நிற்காமல் நடக்கிற பொறுப்பு அடக்கம். ஆனாலும் உன்னையும் முழுசாகக் குறை சொல்லமாட்டேன். பொறுப்பு யார் கையிலோ சாவியும் அவர் கையில் என்கிற ஒரு தொனி அந்தச் சொல்லில் உண்டுதான். தமிழில் ‘குடும்பத்தை நான் ஓட்டுறேன்’ என்றால் கஷ்டம் தெரியும், ‘நான் நடத்துறேன்’ என்றால் கௌரவம் தெரியும். இங்கிலீஷில் இரண்டும் ஒன்றாகக் கிடப்பதால், அவள் எதைச் சொன்னாளோ, நீ எதைக் கேட்டாயோ! நாளைக்கு ஒருநாள் கேஸ் புக்கிங்கை நீ செய்து பார், சண்டை பாதி தீரும்.

கிரிக்கெட் ரன்னையும் பிள்ளைகள் கேட்பார்கள், தயாராக இரு. 18-ஆம் நூற்றாண்டில் ரன்னைக் குச்சியில் வெட்டுப் போட்டு எண்ணினார்கள், அதனால் அதற்கு வெட்டு என்றே பேரும் இருந்தது. அப்புறம்தான் ரன் நிலைத்தது; இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் அதை ஓட்டங்கள் என்றே போடுவார்கள். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் மட்டையடிக்கிறவன் ஓரடி எடுத்து வைக்காமலே நாலு ஓட்டம். நிஜமாகவே மனுஷன் காலால் ஓடுகிற ஒரு விளையாட்டில்கூட அந்தச் சொல் காலைக் கழற்றிப் போட்டுவிட்டது பார்.

சில தொடர்களுக்கு வேறு ஊர் மூட்டையும் உண்டு. நாலா பக்கமும் திட்டு வாங்கிக்கொண்டு ஒருத்தர் தப்பித்து வருவதை ‘ரன் த கான்ட்லெட்’ என்பார்கள். ஏதோ இரும்புக் கையுறை சமாச்சாரம் என்றுதான் கேட்பவர் நினைப்பார். நிஜத்தில் அது ஸ்வீடன்காரர்களின் ‘காட்லோப்’, சந்து ஓட்டம். தப்பு செய்த சிப்பாயை இரண்டு வரிசை ஆட்களுக்கு நடுவே ஓடவிட்டு, இரண்டு பக்கமும் அடிப்பார்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் நடந்த காலத்தில் ஆங்கிலத்துக்குள் வந்து, காதில் விழுந்தபடி கையுறையாகத் திரிந்துவிட்டது. இன்னொன்று ‘ரன் அமோக்’. வெறி பிடித்துக் கண்ணில் பட்டவரையெல்லாம் வெட்டுவதற்கு மலாய் மொழியில் உள்ள சொல்லைத் தூக்கி ‘ரன்’னோடு முடிந்து வைத்தார்கள். 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்–ஜாப்சன்’ அகராதியில் இதற்குத் தனிப் பதிவே உண்டு. அந்த அகராதியைத் தொகுத்த இருவரில் ஒருவர் பர்னல், நம் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். அரண்மனை ஏடுகளுக்கெல்லாம் பட்டியல் போட்டவரும் அவர்தான். புத்தகம் அச்சில் வருவதற்கு நாலு வருஷம் முந்தியே இறந்துபோனார், பாவம்.

முயலோடு ஓடி வேட்டை நாயோடும் சேர்ந்து துரத்துவது என்று ஒரு தொடர் இருக்கிறதே, அதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துப் பிள்ளைகள் மண்டையில் ஏற்றாதே. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்று சொல், அந்தக் கணமே பிடித்துக்கொள்வார்கள். உன் நாத்தனாரை உதாரணம் காட்டவேண்டுமா என்பது உன் இஷ்டம்.

அதனால் நீ செய்யவேண்டியது இதுதான். பொருள் பட்டியல் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லாதே. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வரிசையாக நாலு கேள்வி கேட்கவை: இதற்குக் கால் இருக்கிறதா? இடம் மாறுகிறதா? எதுவும் அசைகிறதா? தொடர்ந்து நடக்கிறதா? எந்தக் கேள்வியில் முதல் ‘ஆமாம்’ வருகிறதோ, அந்தப் படியில் அந்த வாக்கியத்தை உட்காரவைக்கச் சொல். நாய் முதல் படியில், மூக்கு இரண்டாம் படியில், மில் மூன்றாம் படியில், மாமா கடை நாலாம் படியில். ரோடு வரும்போது சண்டை போடுவார்கள், போடட்டும். அன்றைக்குப் பாடம் அதுதான். எது நிஜம், எது சும்மா என்று கேட்ட வாண்டிடம், எல்லாமே நிஜம்டா, சிலதற்குக் கால் உண்டு, சிலதற்குக் கிடையாது என்று சொல். அவனுக்கு அது போதும். காலோடு ஓடுவதை மட்டும் வைத்துக்கொண்டு எந்த மொழியும் குடித்தனம் நடத்த முடியாது. காலைக் கழற்றிய பிறகுதான் அந்தச் சொல் வேலைக்கே போக ஆரம்பித்தது.

இதைப் படித்துவிட்டு மூன்றாம் நாளே பதில் போட்டுவிடு. மருமகள் கேஸ் புக்கிங்குக்கு என்ன சொன்னாள் என்பதை மட்டும் விரிவாக எழுது, முழங்கால் வலியைச் சுருக்கமாக எழுது. மாவடு ஊறிவிட்டது, தைப்பூசத்துக்கு வந்த உன் தம்பி மறந்து வைத்துப்போன தூக்குவாளியிலேயே போட்டு வைத்திருக்கிறேன். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

உன் வாயாடிச் சிநேகிதி

பி.கு.: ஓட்டு வீட்டு ‘ஓடு’ம், தேங்காய் ‘ஓடு’ம் இந்தக் கணக்கில் சேராது. அது வேறு சொல், அகராதியில் தனி இடம். உன் வாண்டு கட்டாயம் கேட்பான், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.